பத்தாயிரமா ஐயாயிரமா என்ற சண்டைக்குள் உங்கள் வண்டி வரவே இல்லை

கேள்வி: என்னிடம் 2019 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. இதுவரை 38,000 கி.மீ ஓடியிருக்கிறது. வீடு வேளச்சேரி, அலுவலகம் தி.நகர். தினமும் போக 9, வர 9 கி.மீ. எப்போதாவது ஊருக்குப் போவோம். இன்ஜின் ஆயிலை எப்போது மாற்றுவது என்பதில் வீட்டில் பட்டிமன்றமே நடக்கிறது. சர்வீஸ் சென்டரில் 10,000 கி.மீ என்கிறார்கள். தெருமுனை மெக்கானிக் 5,000 என்கிறார். அம்பாசடர் வைத்திருந்த மாமனார் மூவாயிரத்தைத் தாண்டவே கூடாது என்கிறார். டெக்சாஸில் இருக்கும் மச்சான் அங்கே 10,000 மைல் ஓட்டுகிறாராம். கடைசியாக 31,000-ல் மாற்றினேன், 14 மாதம் ஆகிறது. 41,000 வரை காத்திருக்கலாமா? மாற்றிய இரண்டாயிரத்திலேயே ஆயில் கறுத்துவிட்டதே, அது கலப்படமா? சென்னை வெயிலுக்குக் கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றினால் நல்லது என்று மெக்கானிக் சொல்வது சரியா?

பதில்: பட்டிமன்றத்தில் பேசிய நாலு பேரும் கிலோமீட்டரைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். மாதத்தை ஒருவரும் எடுக்கவில்லை. டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஒரு கையேடு கிடக்கும், எடுத்துப் பாருங்கள். பராமரிப்பு அட்டவணையில் 10,000 கி.மீ அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது என்று இருக்கும். உங்களுக்கு மாதம் முந்திவிட்டது. தவணை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. 41,000 வரை காத்திருந்தால் இப்போது ஓடுகிற கணக்குப்படி இன்னும் ஆறு மாதம் போகும், ஆயிலுக்கு இருபது மாத வயது ஆகியிருக்கும். வேண்டாம். இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

வருடத்துக்கு ஆறாயிரம் ஓடுகிற வண்டிக்குப் பத்தாயிரமா ஐயாயிரமா என்ற கேள்வியே எழாது. காலண்டர் போதும். ஒரு மாதத்தைக் குறித்துக்கொண்டு வருடம் ஒருமுறை மாற்றுங்கள், பில்டரோடு. மழைக்காலம் முடிகிற ஜனவரி என்று வைத்துக்கொண்டால் பொங்கலோடு ஞாபகம் இருக்கும்.

‘ஓடாத வண்டியில் ஆயில் ஏன் கெடும், சும்மாதானே இருக்கிறது’ என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். சும்மா இருப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் பெரும்பங்கு புகைக்குழாய் வழியாகப் போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கும். கூடவே எரியாத பெட்ரோல், புகைக்கரி, அமிலமாக மாறக்கூடிய வாயுக்கள் எல்லாம் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடாகி அந்தச் சூட்டில் கொஞ்ச நேரம் ஓடினால் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும். வண்டியை எடுத்து, கடைக்குப் போய், பத்து நிமிடத்தில் அணைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். மழை நாளில் அரைகுறையாகக் காய்ந்த துணியை மடித்து வைப்பது மாதிரிதான். ரேடியேட்டர் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும், ஆயில் சூடாக அதைவிட அதிக நேரம் பிடிக்கும். மீட்டரில் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் ஆயிலும் தயார் என்று அர்த்தமில்லை.

அந்த அமிலத்தை அடக்கவும், கரியைக் கழுவவும், உலோகம் உரசாமல் காக்கவும் ஆயிலில் மருந்துகள் சேர்த்திருப்பார்கள். அவை வேலை செய்யச் செய்யத் தீர்ந்துகொண்டே வரும். எண்ணெயின் வழவழப்பு மிச்சம் இருக்கும்போதே மருந்து தீர்ந்துபோகலாம். இரண்டு விரலில் தொட்டு உரசிப் பார்த்து “இன்னும் ஓடும் சார்” என்று சொல்கிறவர்கள் வழவழப்பை மட்டும்தான் பார்க்கிறார்கள். முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மருந்து மிச்சம் இருக்கிறதா என்று விரலால் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

தாம்பரத்தில் என் பட்டறைக்கு ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கார் வந்தது. கோயில், சந்தை, பேத்தியின் பள்ளிக்கூடம், அவ்வளவுதான் அதன் உலகம். நான்கு வருடத்தில் 9,000 கி.மீ. பத்தாயிரம் வரட்டும் என்று நேர்மையாகக் காத்திருந்தார். சிக்னலில் நின்றால் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது என்று கொண்டுவந்தார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் கறுப்புக் களிம்பு. இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினால், பம்ப் ஆயிலை உறிஞ்சுகிற சல்லடையில் பாதி அடைத்திருந்தது. பத்தாயிரம் என்ற எண்ணை அவர் மீறவே இல்லை பாருங்கள்.

இதற்கு நேர் எதிராக, சென்னைக்கும் மதுரைக்கும் இடையே வாரம் இரண்டு தடவை ஓடுகிற மருந்து கம்பெனி விற்பனையாளர் ஒருவரும் வருகிறார். அவருக்குப் பத்தாயிரம் மூன்று மாதத்துக்குள்ளேயே வந்துவிடும். ஆனால் அந்த ஆயில் இறங்கும்போது உங்கள் ஆயிலைவிட நல்ல நிலையில்தான் இருக்கும். கணக்குப் போட்டால் காரணம் புரியும். அவர் சராசரியாக மணிக்கு 60 கி.மீ வேகத்தில் போகிறார் என்றால் 10,000 கி.மீக்கு இன்ஜின் ஓடிய நேரம் சுமார் 167 மணி. உங்களுக்கு வேளச்சேரியிலிருந்து தி.நகருக்கு ஒரு நடை 45 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்கிறேன். தினம் ஒன்றரை மணி நேரம். 14 மாதத்தில் 280 வேலை நாள் என்றால் 420 மணி. அலுவலகம் போய் வந்த தூரமோ ஐயாயிரம் சொச்சம். கிண்டியிலும் சைதாப்பேட்டையிலும் நின்றுகொண்டிருந்த நேரத்தை ஓடோமீட்டர் சேர்ப்பதில்லை. நின்றபடி சுற்றும் ஒரு மணியும் பாரம் இழுத்து ஓடும் ஒரு மணியும் ஆயிலுக்குச் சமமில்லை என்பது உண்மைதான். அதற்காக நின்ற நேரத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிடவும் முடியாது. அதனால்தான் பல கையேடுகளில் ‘கடினமான பயன்பாடு’ என்று இன்னொரு அட்டவணை இருக்கும். குறுகிய தூரம், அடிக்கடி நின்று போவது, தூசி, நீண்ட நேரம் நின்றபடி இன்ஜினை ஓட்டுவது எல்லாம் அதில் வரும். தவணையைப் பாதியாக்கி 5,000 கி.மீ அல்லது 6 மாதம் என்று போட்டிருக்கும் கையேடுகளும் உண்டு. நம் நகரங்களில் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது பட்டியலைச் சேர்ந்தவை. நாம்தான் முதல் பட்டியலோடு நிறுத்திவிடுகிறோம்.

அப்படியானால் உங்கள் மெக்கானிக் சொன்ன ஐயாயிரம் சரியா? மோசமில்லை. உங்கள் ஓட்டத்துக்கு வருடம் ஒன்று என்றாலே ஆறாயிரத்துக்கு அருகில் வந்து நிற்கும். ஒரு நடைக்கு முக்கால் மணி ஓடுவதால் உங்கள் ஆயில் சூடாக நேரம் கிடைக்கிறது, அதனால் அதற்கு மேல் குறைப்பது காசுக்குக் கேடு. ஒருவேளை வண்டி வீட்டம்மா கைக்கு மாறி, ஒன்றரை கி.மீ பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போய் வருகிறது என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வேன். அல்லது வாரம் ஒருநாள் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன். ஆயிலுக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது.

மாமனாரைக் கேலி செய்யாதீர்கள். அவர் காலத்துக்கு அவர் சொன்னது சரி. நானும் அம்பாசடரிலும் பத்மினியிலும்தான் தொழில் கற்றேன். கார்புரேட்டர் வண்டி. காலையில் சோக்கை இழுத்துக் கிளப்பினால் தேவைக்கு மேல் பெட்ரோல் போய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலக்கும். ஆயில் சாதாரண மினரல். பெட்ரோலில் கந்தகமும் அதிகம். கந்தகம் எரிந்தால் அமிலம், அமிலத்தை அடக்கினால் மருந்து தீரும். பிஎஸ்-4 என்ற முந்தைய புகை மாசு விதியின் எரிபொருளில்கூட 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு, கந்தகம் வரை அனுமதி இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்த பிஎஸ்-6 எரிபொருளில் அது 10 பிபிஎம். இன்ஜெக்ஷன் வந்ததால் பெட்ரோல் அளந்து போகிறது. ஆயிலும் சிந்தெடிக் ஆகிவிட்டது. மூவாயிரம் பத்தாயிரம் ஆனதற்கு இத்தனை காரணம் இருக்கிறது. நாங்கள் அந்தக் காலத்தில் இறக்கிய ஆயிலில் பெட்ரோல் வாசனை அடிக்கும், இப்போது அது அபூர்வம்.

மச்சான் சொல்வதும் பொய்யில்லை. டொயோட்டா போன்ற கம்பெனிகள் அமெரிக்காவில் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய சிந்தெடிக் ஆயில் ஊற்றுகிற பல மாடல்களுக்கு 10,000 மைல் அல்லது 12 மாதம் என்றே கொடுத்திருக்கின்றன. அங்கேயும் அந்த 12 மாதம் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது, கேட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து இறங்கியதும் நெடுஞ்சாலையில் ஏறுகிற டெக்சாஸ் மைலையும் விஜயநகர் சந்திப்பில் ஊர்கிற மைலையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். கலப்படம் என்று பயப்பட வேண்டாம். கரியைக் கழுவித் தனக்குள்ளேயே தூளாக மிதக்க வைத்திருப்பது ஆயிலின் வேலை. கறுத்தால் அந்த வேலை நடக்கிறது என்று பொருள். டீசல் வண்டியில் மாற்றிய சில நூறு கிலோமீட்டரிலேயே மை மாதிரி ஆகிவிடும். ஆயிரக்கணக்கில் ஓடியும் தேன் நிறம் மாறவில்லை என்றால் அதனாலேயே நல்ல ஆயில் என்று நினைத்துவிடாதீர்கள். நிறத்தில் கவலைப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான், பால் ஊற்றிய டீ நிறம். தண்ணீர் கலந்திருக்கிறது. மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் என்றால் பெரும்பாலும் குறுகிய ஓட்டத்தின் ஈரம்தான். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலேயே அந்த நிறம் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாக இருக்கலாம், அல்லது வெள்ளத்தண்ணீர்.

வெள்ளம் என்றதும் வேளச்சேரிக்காரருக்குத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். மழை எச்சரிக்கை வந்தாலே காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிற ஊர் உங்களுடையது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு என் பட்டறையில் நின்ற வண்டிகளில் சில, தண்ணீரில் மூழ்கியதால் கெட்டவை இல்லை. தண்ணீர் வடிந்ததும் ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பியதால் கெட்டவை. பானெட் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள், பட்டறைக்கு இழுத்து வரச் சொல்லுங்கள். ஆயிலைச் சோதித்து, இறக்கி, மாற்றிய பிறகுதான் இன்ஜினைச் சுற்ற வேண்டும். அப்போது கிலோமீட்டரும் கிடையாது, மாதமும் கிடையாது.

அடுத்து அந்தக் கெட்டி ஆயில். இதில் உங்கள் மெக்கானிக்கோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. 0டபிள்யூ-20 என்றால் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. முன்னால் இருக்கும் எண் கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதற்கு, பின்னால் இருப்பது சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. அந்தச் சூட்டை 100 டிகிரி செல்சியஸில் வைத்து அளக்கிறார்கள். சென்னையில் வெளியே 42 டிகிரியோ, ஊட்டியில் 12 டிகிரியோ, இன்ஜினைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வைத்திருக்கிறது. வெயிலுக்குப் பயந்து பருத்திச் சட்டை போடுவது மாதிரி ஆயிலை மாற்றத் தேவையில்லை. இப்போதைய இன்ஜின்களில் பேரிங் இடைவெளி சன்னம். வால்வு நேரத்தை மாற்றுகிற அமைப்பு, ஊசித்துளை மாதிரி வழிகளில் வரும் ஆயில் அழுத்தத்தை நம்பி வேலை செய்கிறது. அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் கிளப்பியதும் மேலே போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும். கையேட்டில் இருக்கும் தடிமனையே ஊற்றுங்கள். அதே பக்கத்தில் 5டபிள்யூ-30-ம் ஆகலாம் என்று அச்சிட்டிருந்தால் அதுவும் சரி. அதைத் தாண்ட வேண்டாம். டப்பாவில் ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் வட்ட முத்திரைக்குள் எஸ்பி என்று இருந்தால் உங்கள் வண்டிக்குத் தாராளமாகப் போதும். அது 2020-ல் வந்த தரம். எஸ் வரிசை பெட்ரோலுக்கு, சி வரிசை டீசலுக்கு.

உங்களைப் போலவே நகரத்துக்குள் ஓட்டுகிற, ஆனால் பிஎஸ்-6 டீசல் வைத்திருக்கும் வாசகர்கள் இங்கே நிற்க வேண்டும். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளித்துக் கரியை எரிக்கும். அந்த எரிப்பு முடிவதற்குள் நீங்கள் வீட்டு வாசலில் வண்டியை அணைத்தால், தெளித்த டீசலில் ஒரு பகுதி ஆயிலில் போய்ச் சேரும். ஆயில் குறைவதற்குப் பதிலாக டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறும். ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், உடனே மாற்றுங்கள். சாம்பல் குறைந்த ஆயிலாகவும் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டர்போ பெட்ரோல் இன்ஜின் வண்டி வைத்திருப்பவர்களும் நகர ஓட்டம் என்றால் பத்தாயிரம் வரை இழுக்காமல் இருப்பது நல்லது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கே மாற்றினாலும் பக்கத்தில் நின்று பாருங்கள், கூச்சம் வேண்டாம். டப்பா சீல் உங்கள் கண் முன்னால் உடைய வேண்டும். காலி டப்பாவை ஒரு குத்து குத்தி ஓட்டை போடச் சொல்லுங்கள். நல்ல டப்பா முழுசாக வெளியே போனால் அதில் கள்ள ஆயில் அடைபட்டுத் திரும்பி வரும். பில்டரைக் கட்டாயம் மாற்ற வேண்டும். புது ஆயிலைப் பழைய பில்டரோடு ஓட்டுவது, குளித்துவிட்டு அழுக்கு வேட்டியைக் கட்டுவது. ஆயிலை இறக்கக் கழற்றுகிற டிரெயின் போல்ட்டின் வாஷரும் புதிது போடச் சொல்லுங்கள், சில ரூபாய்தான். போல்ட்டை வெறி கொண்டு இறுக்க வேண்டியதில்லை. நான் தொழில் கற்ற புதிதில் பலத்தைக் காட்டப் போய் ஒரு சம்ப்பின் மரையைத் தின்றுவிட்டேன். அந்த மாதச் சம்பளத்தில் பாதி முதலாளிக்கே திரும்பிப் போனது.

‘இன்ஜின் ஃப்ளஷ் போடட்டுமா சார்’ என்று கேட்பார்கள். இன்ஜினின் உட்புறத்தைக் கழுவும் திரவம் அது. வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒழுங்காக ஆயில் மாற்றிய இன்ஜினுக்கு அது தேவையில்லை. மாற்றாமல் களிம்பு கட்டிய இன்ஜினில் ஊற்றினால் பெயர்ந்த களிம்பு நேராகச் சல்லடையில் போய் அடைக்கும். ஆசிரியரின் காரில் சம்ப்பைக் கழற்றித்தான் சுத்தம் செய்தேன்.

இன்னொன்று, அளவு. உங்கள் இன்ஜினுக்கு மூன்று லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். டப்பா மூன்றரை லிட்டராக இருந்தால் ‘மீதி எதற்கு’ என்று கவிழ்த்துவிடுகிறவர்கள் உண்டு. மட்டம் அதிகமானால் உள்ளே சுற்றும் கிராங்க் தண்டு அதில் அடித்து நுரை கிளப்பும், நுரைத்த ஆயிலுக்கு அழுத்தம் நிற்காது. மீதியை வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள், டாப்-அப்புக்கு ஆகும். மாதம் ஒருமுறை சமதரையில் நிறுத்தி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் போதும். சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். அது அழுத்தம் போன பிறகு எரிகிற விளக்கு. ஓடும்போது எரிந்தால் வீடு வரை போய்விடலாம் என்று நினைக்காமல் அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள்.

இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் கொட்டுகிற கடையாக இருந்தால் அடுத்த வருடம் வேறு கடை பாருங்கள். சென்ட்ரிங் பலகைக்குத் தடவவும் மரக் கம்பத்துக்குக் கரையான் மருந்தாகப் பூசவும் அதைக் கேட்டு வாங்கிப் போவார்கள். முறைப்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் போக வேண்டும். டிரம்மில் சேர்த்து அவரிடம் விற்கிற பட்டறை என்றால் நம்பலாம்.

ஆயில், பில்டர், கூலி எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்றாயிரத்துக்குள் முடிந்துவிடும். பில்லில் தேதியும் கி.மீயும் ஆயிலின் தடிமனும் எழுதி வாங்குங்கள். வண்டியை விற்கும் நாளில் அந்தக் காகிதங்கள் பேசும். மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன், இன்ஜினுக்கு நேர் கீழே தரையில் புதிதாகச் சொட்டு விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.